சுங்கை சிப்புட்டில் கணினிவழி வடிவமைப்புப் பட்டறை: முதலில் வாங்க வேண்டிய இயந்திரம் எது?

பட்டறைக்கனவு (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டடக் கலைஞராகப் பதிவு பெறுவதற்கான தகுதிப் படிகளில் பகுதி இரண்டு வரை படித்து முடித்து, கோலாலம்பூரில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்த ஊருக்கே திரும்பியிருக்கிறேன். கடைத்தெருவில் எங்கள் பெரியப்பாவின் கடைவீடு ஒன்றில் கீழ்த்தளம் காலியாக இருக்கிறது. கணினியில் வரைந்ததை இயந்திரத்தால் வெட்டிக் கையால் முடித்து, கட்டடத்துக்கும் கலைக்கும் நடுவே நிற்கும் பொருள்களைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை அங்கே தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். காற்றும் வெளிச்சமும் புகும் மறைப்புகள், காவடிச் சட்டங்கள், பள்ளிச் சுவருக்கான புடைப்போவியங்கள், கடைகளின் பெயர்ப்பலகைகள் என்று வேலைகள் வரும் என நம்புகிறேன்.

முதல் வேலை ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. எங்கள் பழைய தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களில் இருந்தவர்கள் எல்லாரும் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட பிறகும், தோட்டத்துக் கோயிலையும் அதன் மண்டபத்தையும் ஊரார் விடாமல் நடத்தி வருகிறார்கள். அந்த மண்டபத்தின் மேற்குப் பக்கம் திறந்தே கிடப்பதால், மாலை நேரத்துக் கல்யாண விருந்தில் உட்காருபவர்களின் முகத்தில் வெயில் நேராக அடிக்கிறது. அங்கே 12 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட ஒரு மறைப்பு வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கும் சிக்குக் கோலங்களிலிருந்து அதை உருவாக்கலாம் என்று நான் சொன்னேன், குழுவினர் ஒப்புக்கொண்டார்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஓர் இயந்திரம்தான் வாங்க முடியும். லேசர் வெட்டி வாங்குவதா, கணினிக் கட்டளைப்படி மரம் குடையும் சி.என்.சி. ரௌட்டர் வாங்குவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. கடைவீட்டில் ஒருமுனை மின்சாரம் மட்டுமே இருக்கிறது. கோலத்தை அப்படியே பலகையில் வெட்டினால் அது நிற்குமா என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கோபுர வேலையிலும் தச்சு வேலையிலும் இருக்கும் பெரியவர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், “இயந்திரம் செய்வதில் நீ என்ன செய்கிறாய் அம்மா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.


வரைவுமேசை (ஈப்போ) எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் பதிவு பெற்ற கட்டடக் கலைஞன். இத்தகைய மறைப்புகளைப் பல கட்டடங்களுக்கு வரைந்து, வெளிப் பட்டறைகளில் வெட்டி வாங்கியிருக்கிறேன். என் முதல் கருத்து உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: இந்த மண்டப வேலைக்காக எந்த இயந்திரமும் வாங்காதீர்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில், குறிப்பாக மெங்லெம்பு பக்கம், உலோகத் தகட்டை லேசரால் வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கான வரைபடக் கோப்பைக் கொடுத்தால் வேலை விரைவில் முடிந்துவிடும். உங்கள் பட்டறைக்கு எந்த வகை வேலை அதிகம் வருகிறது என்பது தெரிந்த பிறகு இயந்திரம் வாங்குவதே அறிவுடைமை.

பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரிந்தால்தான் இயந்திரத்தைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைக்கும். கணினிவழி உற்பத்தியையும் கலையையும் இணைத்துப் பெயர் பெற்ற பட்டறைகளின் வேலைகளைக் கூர்ந்து பார்த்தால், அங்கே பெருமைப்படத்தக்கது இயந்திரத்தின் துல்லியம் அல்ல என்பது விளங்கும். சுவிட்சர்லாந்தில் ஃப்ளேஷ் என்னும் ஊரில் உள்ள காண்டென்பைன் திராட்சை மது ஆலையின் முகப்பை 2006-இல் கிராமாசியோ, கோலர் என்ற இருவரும் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ரோபோவைக் கொண்டு உருவாக்கினார்கள். ஏறத்தாழ 20,000 சாதாரணச் செங்கற்கள், 72 பலகங்களாக அடுக்கப்பட்டன. ஒவ்வொரு செங்கல்லும் சிறிதளவு வேறு வேறு கோணத்தில் திரும்பியிருப்பதால், எட்டி நின்று பார்ப்பவருக்குச் சுவர் முழுவதும் திராட்சை உருண்டைகளாகத் தெரிகிறது. செங்கற்களுக்கு இடையே விட்ட இடைவெளி வழியாக உள்ளே மங்கலான பகல் வெளிச்சம் வருகிறது. அந்தச் சுவர் செய்யும் வேலையும் உங்கள் மண்டபத்து மறைப்பு செய்ய வேண்டிய வேலையும் ஒன்றுதான்: வெயிலை வடிகட்ட வேண்டும், காற்றையும் ஒளியையும் விட வேண்டும். ரோபோ அடுக்கியது என்பது அதில் சிறிய செய்தி. எந்தக் கல் எவ்வளவு திரும்பினால் உள்ளே எவ்வளவு வெளிச்சம் விழும் என்று யோசித்தவரின் முடிவுதான் பெரியது.

பார்சலோனாவின் சக்ராடா ஃபமீலியா தேவாலயத்தில் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். அதை வடிவமைத்த கௌடி 1926-இல் இறந்தார். அவர் செய்து வைத்திருந்த சாந்து மாதிரிகள் 1936-இல் உள்நாட்டுப் போரின்போது நொறுக்கப்பட்டன. அந்தத் துண்டுகளிலிருந்து அவருடைய வடிவக் கணக்கை மீட்டெடுக்க 1979 முதல் உழைத்த மார்க் பர்ரி என்பவர், பிற்பாடு விமானங்களை வடிவமைக்கும் மென்பொருளை அந்த வேலைக்குக் கொண்டுவந்தார். கல்லை இயந்திரம் அறுக்கிறது. ஆனால் எதை அறுக்க வேண்டும் என்பது ஒரு மனிதர் கையால் செய்த மாதிரியிலிருந்து வந்தது. இப்படி ஒவ்வொரு வேலையிலும் எந்தப் படியைக் கையிடம் விடுவது, எதை இயந்திரத்திடம் விடுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, அந்த முடிவுக்குக் காரணமும் சொல்லத் தெரிந்திருந்தால், பெரியவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் அதுவே. காரணம் சொல்லத் தெரியாத பட்டறை, காசு வாங்கிக்கொண்டு தகடு வெட்டித் தரும் கடையாக மட்டுமே இருக்கும். அதிலும் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் அதைக் கேட்டு வரவில்லை.

இனிக் கோலத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிக்குக் கோலத்தின் இழையை அப்படியே வெட்டுக்கோடாக எடுத்துக்கொண்டால் மறைப்பு நிற்காது. இழை தன்னைத்தானே சுற்றி மூடிக்கொள்வதால், உள்ளே அடைபடும் ஒவ்வொரு துண்டும் வெட்டி முடித்தவுடன் கீழே விழுந்துவிடும். எனவே இழையைத் திடப் பொருளாக வைத்துக்கொண்டு, இழைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களை வெட்டி எடுக்க வேண்டும். அப்போது இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்கள் எல்லாம் முடிச்சுகளாக நின்று வலுக் கொடுக்கும். புள்ளிகள் இருக்காது; புள்ளி இருந்த இடத்தில் துளை இருக்கும், மாலையில் அந்தத் துளை வழியாகத்தான் ஒளி தரையில் விழும். இதைக் கோலம் போட்ட பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புள்ளியைக் காணவில்லையே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

கடைகளில் கிடைக்கும் தகடும் பலகையும் பொதுவாக 4 அடிக்கு 8 அடி என்பதால், உங்கள் மறைப்புக்கு மூன்று தகடுகள் தேவைப்படும். ஒரே பெரிய கோலத்தை மூன்றாக அறுத்து ஒட்டி, இணைப்பு தெரியாமல் மறைக்க முயலாதீர்கள். அது ஒருநாளும் மறையாது, இழைகள் விளிம்பில் அந்தரத்தில் நிற்கும். மூன்று தகட்டுக்கும் மூன்று தனிக் கோலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் என்று வைத்தால் வேலையும் சுலபம், பார்க்கவும் மரியாதையாக இருக்கும். கோலத்தின் வெளி வளைவுகள் சட்டத்தை நுனியில் மட்டும் தொடும். அந்த இடங்களில் இழையைச் சற்றே தடிப்பாக்கிச் சட்டத்துக்குள் நீட்டிவிட வேண்டும். துளைகள் இருந்தாலும் மறைப்பின் மீது காற்றழுத்தம் இருக்கும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டுப் பொருத்துங்கள்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம். கட்டடக் கலைஞர் சட்டம் 1967-இன்படி, வாரியத்தில் பதிவு பெறாதவர் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று அறிவித்துக்கொள்ள முடியாது. பகுதி மூன்றை முடிக்கும் வரை பெயர்ப்பலகையில் ‘வடிவமைப்புப் பட்டறை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


தச்சன்மகன் (கூலிம்) எழுதியது:

நான் அறைகலன் தொழிற்சாலை ஒன்றில் ரௌட்டர் இயந்திரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஈப்போ ஐயா சொன்னதில் பெரும்பகுதிக்கு உடன்படுகிறேன். இயந்திரமே வேண்டாம் என்பதற்கு மட்டும் உடன்படவில்லை. கோப்பை அனுப்பிவிட்டு வெட்டிய தகட்டை வாங்கி வருபவருக்குப் பொருளின் குணம் கடைசிவரை பிடிபடாது. மரத்தின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, ரௌட்டரின் சுழலும் வெட்டு அலகு எங்கே திணறுகிறது, எந்த ஒலி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும் என்பவை பக்கத்தில் நின்றால்தான் தெரியும். அதனால் மண்டபத்து மறைப்பை வெளியே வெட்டுங்கள், ஆனால் அதில் வரும் கூலியைச் சேர்த்து வைத்து ஒரு ரௌட்டர் வாங்குங்கள் என்பதே என் யோசனை.

லேசர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் விலைக்குள் வரும் கரியமில வாயு லேசர், மெல்லிய ஒட்டுப்பலகையையும் அக்ரிலிக்கையும் நன்றாக வெட்டும். உலோகத் தகட்டை வெட்டாது. வெட்டிய விளிம்பு கருகியிருக்கும். பெயர்ப்பலகை, சிறு மாதிரிகள், அன்பளிப்புப் பொருள்கள் செய்பவருக்கு அது நல்ல கருவி. கட்டடத்தில் பொருத்தும் அளவுக்குத் தடிமனான பொருள் செய்பவருக்குப் போதாது. பிற்காலத்தில் வாங்கினால் இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். பி.வி.சி. பொருளை ஒருபோதும் அதில் வைக்கக் கூடாது: அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும். வெட்டிக்கொண்டிருக்கும்போது தேநீர் குடிக்க வெளியே போகவும் கூடாது, ஏனென்றால் அக்ரிலிக் தீப்பிடித்தால் கூரை வரை எரியும்.

ரௌட்டருக்கு ஒருமுனை மின்சாரம் போதும். 2.2 கிலோவாட் சுழல்தண்டு உள்ள இயந்திரங்கள் தனி இன்வெர்ட்டர் வழியாக வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். பலகையை உறிஞ்சிப் பிடிக்கும் வெற்றிட மேசையின் பெரிய பம்புக்குத்தான் மும்முனை மின்சாரம் கேட்பார்கள். தொடக்கத்தில் திருகாணியும் பிடிப்புக் கட்டையும் வைத்தே வேலை நடத்தலாம். ஆனால் தூசி உறிஞ்சும் கருவியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதோடு கடைவீட்டில் அக்கம்பக்கத்தார் சும்மா இருக்க மாட்டார்கள். நகராண்மைக் கழகத்தில் உரிமம் கேட்கும்போதும் தூசி, ஒலி இரண்டையும் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்து ஊரில் பட்டறை வைப்பவர் கண்ணில் முதலில் படுவது ரப்பர் மரம்தான். 1877-இல் கொண்டுவரப்பட்ட கன்றுகளில் சில உங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில்தான் நடப்பட்டன; அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பால் வற்றிய மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். இன்று நம் நாட்டு அறைகலன் ஏற்றுமதியே பெருமளவு அதை நம்பி இருக்கிறது. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யப்படும் மரம் என்பதால் காடு அழியாமல் கிடைக்கிறது. வெளிர் நிறம், நடுத்தர எடை, சாயமும் வண்ணமும் நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் அதற்குச் சில குணங்கள் உண்டு. அதில் மாவுச்சத்து அதிகம்; அறுத்த சில நாள்களுக்குள் போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றாவிட்டால் வண்டு துளைக்கும், நீலப் பூஞ்சை படரும். எனவே யாரோ தோட்டத்தில் வெட்டிப் போட்ட மரத்தை இலவசமாகத் தருகிறார் என்று வாங்கிவிட வேண்டாம். மருந்தேற்றி, சூளையில் உலர்த்திய பலகையையே வாங்குங்கள். அடிமரம் நீளம் குறைவு என்பதால், பெரும்பாலும் விரல்கோத்து ஒட்டிய பலகைகளாகவே சந்தைக்கு வரும். மரத்துக்குள் இழுவிசையில் வளர்ந்த பகுதிகள் இருக்கும். அங்கே அலகு பட்டால் வழவழப்பாக வெட்டுப்படாமல் பஞ்சுபோல நார் எழும்பும். கூரான அலகு, கடைசிச் சுற்றில் மெல்லிய வெட்டு, அதன்பின் கையால் உப்புத்தாள் என்ற வரிசையில் போனால் சமாளிக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரப்பர் மரம் வீட்டுக்குள் இருக்கும் வேலைக்கு மட்டுமே. மேற்குப் பக்கம் திறந்த மண்டபத்தில் சாரல் அடிக்கும். அங்கே வைத்தால் அழுகிவிடும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையோ உப்பிப் போகும்.

அந்த மறைப்புக்கு 3 மி.மீ. அலுமினியத் தகடுதான் என் தேர்வு. இழையின் அகலம் 20 மி.மீ.-க்குக் குறைய வேண்டாம். அலுமினியத்தை இரும்புச் சட்டத்தோடு நேரடியாகத் திருகினால், மழை ஈரத்தில் இரண்டும் தொடும் இடம் அரித்துவிடும். நடுவே நைலான் வளையம் போட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் பிணையுங்கள்.

வரைபடக் கோப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோலத்தைப் படம் பிடித்து மென்பொருளால் தானாகக் கோடெடுத்தால், ஒவ்வொரு வளைவும் ஆயிரக்கணக்கான சிறு நேர்கோடுகளாக உடைந்து வரும். இயந்திரம் ஒவ்வொரு துணுக்கிலும் தயங்கித் தயங்கிப் போகும், விளிம்பில் பற்கள் தெரியும். படத்தைக் கீழே வைத்து, வட்ட வில்களால் மேலே புதிதாக வரையுங்கள். இனி நீங்களே ரௌட்டரில் வெட்டும்போது, சுழலும் அலகால் கூரான உள்மூலையை வெட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள், 6 மி.மீ. அலகு 3 மி.மீ. ஆரம் உள்ள வளைவைத்தான் மூலையில் விட்டுச் செல்லும். இழைகள் கடக்கும் இடத்தில் உள்ள ஊசிமுனைகளை உளியால் எடுப்பதா, வளைவாகவே விடுவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நான் உளியைத்தான் சொல்வேன். ஆனால் அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள்.


கோபுரநிழல் (புந்தோங்) எழுதியது:

அம்மா, நான் கோயில் சுதை வேலைக்கு ஆள்களை ஒருங்கிணைத்து, தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்தபதிகளோடு பல காலம் வேலை செய்தவன். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர்களின் பக்கம் நின்று பேச இங்கே யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

கணக்கு வைத்து உருவம் செய்வது எங்களுக்குப் புதியது அல்ல. சிற்ப நூல்களில் உள்ள உத்தம தச தாலம் என்னும் அளவுமுறையில் உருவத்தின் முழு உயரம் 124 பங்கு. முகம், கழுத்து, மார்பு, கால் எல்லாம் அந்தப் பங்கில்தான் கணக்கிடப்படும். அந்தப் பங்கும் உருவத்தின் உயரத்திலிருந்தே பிறப்பதால், ஓரடிப் பொம்மைக்கும் முப்பதடிச் சிலைக்கும் கணக்கு மாறாது. கணினியில் ஒரு எண்ணை மாற்றினால் வரைபடம் முழுவதும் தானே மாறுகிறது என்று இளைஞர்கள் வியப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிறு புன்னகை வரும். ஆகவே கணினி எங்களுக்குப் பகை என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் வருத்தம் வேறு. ஒரு ஸ்தபதி செய்த பொம்மையை நான்கு பக்கமும் கைப்பேசியால் படம் எடுத்து, கணினியில் முப்பரிமாணமாக்கி, நுரைப்பலகையில் வெட்டி, ஃபைபரில் வார்த்து வேறு கோயிலுக்கு விற்கும் வேலை இப்போது எளிதாகிவிட்டது. செய்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை, பெயரும் இல்லை. கீழே நின்று பார்ப்பவருக்காகக் கோபுர உயரத்துக்கு ஏற்பத் தலையைச் சற்றுப் பெரிதாக்கி, முகத்தை முன்னே சாய்த்துச் செய்த உருவத்தை, இவர்கள் கண்மட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அது எங்கே பார்க்கிறது என்றே தெரியாது. வெட்டுவது யார் என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. இடம் பார்த்துச் செய்ததா, இடம் பார்க்காமல் எடுத்ததா என்றுதான் கேட்பேன்.

நீங்கள் எங்களோடு சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கோயில் விமானத்தில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் உறுப்புகள் பல: கொடிவரி, தாமரை இதழ் வரி, சிறு கூடுகள், தூணின் பட்டைகள். இவற்றுக்கு இப்போதே அச்சு வைத்து வார்க்கிறோம். அந்த அச்சுக்கான மூல வடிவத்தை உங்கள் ரௌட்டரில் குடைந்து, ஸ்தபதி அதைக் கையால் திருத்தி, அதன்மேல் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுத்தால், எல்லா இதழும் ஒரே அளவில் வரும். சாரத்தின் மேல் நிற்கும் நேரமும் குறையும். மூல வடிவத்தின் பக்கங்களுக்குச் சிறிது சாய்வு கொடுங்கள். நேராக இறக்கினால் வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வராது. சாமி உருவங்களின் முகத்தையும் கையையும் தொடாதீர்கள். கண் திறப்பதற்கு ஸ்தபதிதான் வர வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.


பட்டறைக்கனவு (சுங்கை சிப்புட்) எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மண்டபத்து மறைப்பை அலுமினியத்தில் வெளியே வெட்டி வாங்குவது என்றும், ரௌட்டரை அதன்பின் வாங்குவது என்றும் முடிவு செய்துவிட்டேன். அச்சு வேலையைப் பற்றிப் புந்தோங் ஐயாவிடம் நேரில் வந்து பேச விரும்புகிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருக்கிறது. நோட்டுப் புத்தகங்களில் உள்ள கோலங்கள் பெரும்பாலும் சதுர வடிவமானவை. தகடோ அகலத்தைப் போல இரு மடங்கு உயரமானது. கோலத்தை இழுத்து நீட்டினால் முட்டை வடிவமாகிவிடுகிறது. இரண்டு சதுரக் கோலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், நடுவில் இழை துண்டாகிறது. கோலத்தின் குணம் மாறாமல் உயரமாக வளர்க்க வழி இருக்கிறதா?


வரைவுமேசை (ஈப்போ) எழுதியது:

இருக்கிறது தங்கை, அதற்கான கணக்கை நம்மவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணினி மொழியின் இலக்கணமாக விளக்கி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிறு கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதியால் வளர்கிறது என்பதுதான் அவர்கள் ஆராய்ந்தது.

உங்கள் தேவைக்கு எளிய வழி இது. நேர்ப்புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சதுரக் கட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் நான்கு பக்கங்களிலும் ஒரே கேள்விதான்: இங்கே இழை பக்கத்துக் கட்டத்துக்குக் கடந்து போகிறதா, இல்லை திரும்பிவிடுகிறதா? நான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு நிலை என்பதால் 16 கட்டங்கள் கிடைக்கும். சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் 6 வடிவங்கள் மட்டுமே மிஞ்சும். இந்த ஆறையும் வட்ட வில்களால் ஒருமுறை துல்லியமாக வரைந்து வைத்துக்கொண்டால், நோட்டில் உள்ள எந்த நேர்ப்புள்ளிக் கோலத்தையும் அவற்றால் அடுக்கிவிடலாம். கூலிம் நண்பர் சொன்ன கோப்புச் சிக்கலும் இதோடு தீர்ந்துவிடும். ரைனோ என்னும் வரைபட மென்பொருளில் உள்ள கிராஸ்ஹாப்பர் இதற்கு ஏற்ற கருவி.

உயரமாக்கும்போது கட்டங்களின் வரிசையைக் கூட்டிக்கொண்டே போங்கள். எதையும் இழுக்க வேண்டாம். ஆனால் விருப்பம்போல் அடுக்கினால் இழை ஒன்றாக ஓடாமல், பல தனி வளையங்களாகப் பிரிந்துவிடும். வெட்டும் இயந்திரத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. தொடங்கிய இடத்திலேயே ஒரே இழையாக முடிய வேண்டும் என்று பார்க்கும் பெண்களுக்கு அது பிழை. எத்தனை வளையம் இருக்கிறது என்று எண்ணச் சிறு நிரல் எழுதிக்கொள்ளலாம். எந்த இடத்தில் ஒரு கடப்பை மாற்றினால் இரண்டு வளையமும் ஒன்றாகும், அப்படி மாற்றிய பிறகும் கோலம் அழகாக இருக்குமா என்பதை அவர்களிடமே கேளுங்கள். திரையில் 16 கட்டங்களையும் காட்டி அவர்களையே அடுக்கச் சொன்னால், நீங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து செய்வதை ஒரு மாலையில் முடித்துவிடுவார்கள் என்பது என் ஊகம். அப்படிச் செய்தால் நிர்வாகக் குழுவிடம் கொடுக்கும் விலைப்பட்டியலில் அவர்களுக்கான வடிவமைப்புக் கூலியைத் தனி வரியாகக் காட்டுங்கள். புந்தோங் ஐயா ஸ்தபதிகளுக்காகச் சொன்னது இவர்களுக்கும் பொருந்தும்.


தச்சன்மகன் (கூலிம்) எழுதியது:

மூன்று தகட்டையும் ஒரே நேரத்தில் வெட்டக் கொடுத்துவிட வேண்டாம். கோலத்தின் ஒரு மூலையை மட்டும் இரண்டடிச் சதுரத்தில் வெட்டி வாங்கி, வண்ணம் ஏற்றி, மண்டபத்தின் மேற்குப் பக்கத்திலேயே இரும்புச் சட்டத்தோடு மாட்டி வைத்து, ஆண்டுக் கடைசி மழை முடியும் வரை விடுங்கள். நைலான் வளையம் தாங்குகிறதா, வண்ணம் உரிகிறதா, மாலை வெயில் துளை வழியாக விருந்தினர் கண்ணில் குத்துகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். துளை பெரிதாகத் தெரிந்தால் இழையின் அகலத்தை 25 மி.மீ. ஆக்கி மறுபடி பாருங்கள். கோப்பில் அது ஒரே ஒரு எண்ணை மாற்றும் வேலை.